அந்தி வெளிச்சத்தில் பறவைகளைப் படம் எடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பறவையை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும். மற்ற நேரத்தில் அது அங்கே இருப்பதே தெரியாது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தெற்கே வருகிறது. வரும் வழியில் களைத்துப்போய்ச் சென்னையில் வீட்டுத் தோட்டங்களில்கூட இறங்கும். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு என்று இத்தனை நிறத்தை வைத்துக்கொண்டு நிழலையே தேடிப்போகிற பறவை.

நான் அதை முதலில் பார்த்தது ஒரு மாந்தோப்பில், நவம்பர் மாலை ஒன்றில். சருகைக் கிளறிப் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. படம் இருட்டாக வந்ததால் நாலடி முன்னே போனேன். அப்போதும் இருட்டு. இன்னும் நாலடி போனேன். மூன்றாவது முறை அது இரை தேடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்தும் நான் நிற்கவில்லை. எழுந்து முட்புதருக்குள் போனது, இருட்டும்வரை வெளியே வரவே இல்லை. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கப்போகிற பறவையின் கடைசி அரைமணி நேரத் தீனியைக் கெடுத்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

கிட்டே போவதால் வெளிச்சம் கூடாது. பறவை படத்தில் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். பத்தடியில் இருந்தாலும் முப்பதடியில் இருந்தாலும் அதன் மேல் விழுவது அதே அந்தி வெளிச்சம்தான். போதாமல் இருப்பது நம் கேமராவுக்கு. அந்தக் குறையைக் கேமராவிலேயே சரிசெய்யாமல் பறவையிடம் போய் ஈடுகட்டப் பார்க்கிறோம். நெருங்குவது, விளக்கடிப்பது, ஒலி எழுப்பி வரவழைப்பது எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

கேமராவில் நடக்கும் தவறுகள்

பெரிய தவறு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவை, ஏற்றப் பயப்படுவது. படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று 800இலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒளி உள்ளே வர ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/15 நொடியாக நீண்டுவிடுகிறது, பறவை லேசாகத் தலையைத் திருப்பினாலும் படம் கலங்கிவிடுகிறது. புள்ளிகளைப் பின்னால் மென்பொருளில் குறைக்கலாம். கலங்கிய படத்தை எதைக்கொண்டும் கூர்மையாக்க முடியாது. 3200, 6400 என்று தயங்காமல் ஏற்றுங்கள். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் கூட்டினால், பெரும்பாலும் அந்தப் புள்ளிகள் இன்னும் அதிகமாகத்தான் தெரியும். படத்தை ரா ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக, சேமிப்பது இந்த நேரத்தில் மிகவும் உதவும்.

அடுத்தது அவ்வளவாக யாரும் சொல்லாத ஒன்று. இருண்ட புதருக்கு முன்னால் பறவை நிற்கும்போது கேமராவின் ஒளி அளவி அந்த இருட்டையும் பகலாக்கப் பார்க்கும். அதனால் ஷட்டர் தேவைக்கு மேல் மெதுவாகும், பறவையின் வெளிர் நிறங்கள் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை, மைனஸ் 2/3 அல்லது மைனஸ் 1 வைத்தால் நிறமும் தங்கும், ஷட்டரும் வேகமாகும். அந்திக்குப் படத்திலும் அந்தி போலத் தெரிவதுதானே அழகு! வானத்தை எதிர்த்து உட்கார்ந்த பறவைக்கு இது நேர்மாறு, அங்கே பிளஸ் பக்கம் போக வேண்டும். இல்லையென்றால் நிழலுருவமாகவே எடுத்துவிடுங்கள். கூடு திரும்பும் நத்தைகுத்தி நாரையின் அலகும் பாம்புத்தாராவின் கழுத்தும் நிழலுருவத்தில்தான் முழு அழகோடு நிற்கும்.

பலரிடம் இருக்கும் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ்கள் 600இல் எஃப் 6.3 வரைதான் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). எஃப் 4 லென்ஸோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் குறைவு. 300 பக்கம் சுருக்கினால் சற்றுக் கூடுதலாகத் திறக்கும், கை நடுக்கமும் குறைவாகத் தெரியும். பறவை சிறியதாக, சுற்றியுள்ள சருகும் வேரும் கொடியுமாக வரும். எனக்கு இப்போதெல்லாம் அப்படிப்பட்ட படங்கள்தான் அதிகம் பிடிக்கின்றன. அது எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறது என்று அவற்றில் தெரிகிறது.

ஆறுமணிக்குருவி தத்தித் தத்தி நகர்ந்து, நடுநடுவே அசையாமல் நிற்கும். அந்த நிற்கும் நொடிக்காகக் காத்திருந்து ஐந்தாறு படங்கள் தொடர்ந்து எடுத்தால், நடுக்கம் தடுக்கும் வசதியுள்ள லென்ஸில் 1/60இல்கூட ஒன்றாவது கூர்மையாக அமையும். முழங்காலில் கையை ஊன்றுங்கள், மரத்தில் சாயுங்கள், துணிப்பையில் பயறு நிரப்பி லென்ஸுக்குக் கீழே வையுங்கள். ட்ரைபாட் என்றால் அதன் கால்களை நடைபாதையிலேயே விரித்துக்கொண்டு வந்துவிடுங்கள். பறவைக்கு முன்னால் நின்று வெல்க்ரோவைப் பிரிக்கும் அந்தச் சத்தம் போதும், அன்றைய மாலை முடிந்துவிடும்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே இரண்டை அணைத்துவிடுங்கள். ஒன்று, ஃபோகஸ் ஆனதும் வரும் பீப் ஒலி. இன்னொன்று, இருட்டில் ஃபோகஸுக்கு உதவ கேமரா தானாகவே அடிக்கும் சிறு விளக்கு. இந்த இரண்டாவது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் உட்கார்ந்த பறவைக்கு அதுவே நல்லது. பறக்கும் பறவைக்கு மட்டும் வேண்டாம், பல கேமராக்களில் இறக்கை வளைந்து கோணலாகப் பதிவாகும்.

விளக்கும் ஒலியும்

பக்கி என்னும் இரவுப் பறவைகளுக்கு இருட்டிய பிறகு மண் சாலையில் உட்காரும் வழக்கம் உண்டு. வண்டியின் முகப்பு விளக்கில் அவற்றின் கண் தணலாக மின்னும். உடனே வண்டியை நிறுத்தி, விளக்கை அதன் மேலேயே வைத்து, இன்னொருவர் டார்ச்சும் அடிக்க, மாற்றி மாற்றிப் படம் எடுக்கிறார்கள். பறவை நகராமல் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறார்கள். அதற்குக் கண் கூசி எதுவும் தெரியாததால்தான் பெரும்பாலும் அது நகராமல் இருக்கிறது. இரவுப் பறவைகளின் விழித்திரையில் மங்கல் ஒளிக்கான கோல் செல்களே மிகுதி. இருட்டுக்குப் பழகி அகன்று திறந்திருக்கும் அந்தக் கண்ணுக்குள் பளீரென்று ஒளி பாய்ந்தால், மறுபடி தெளிவாகப் பார்க்கச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் பயந்து எழுந்தால் கிளையோ கம்பியோ எதிரே இருக்கலாம், அடுத்த வண்டியும் வந்துகொண்டிருக்கலாம். ஆந்தைக்கும் பக்கிக்கும் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

பகலில் பொந்து வாசலில் தூங்கும் புள்ளி ஆந்தையிடமும் ஒரு தவறு நடக்கிறது. கண்ணை அகல விழித்து நேராக நம்மைப் பார்க்கும் படத்துக்காகக் கைதட்டுகிறார்கள், மரத்தைத் தட்டுகிறார்கள். கண் விழித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது என்றால் அது நம்மை எடைபோடுகிறது, உறக்கம் கலைந்துவிட்டது. பாதி மூடிய கண்ணோடு இருக்கும் படமே நல்ல படம்.

பதிவுசெய்த குரலைப் போட்டு வரவழைப்பது இன்னும் மோசம். தன் இடத்துக்குள் ஒரு போட்டியாள் நுழைந்துவிட்டதாக நினைத்துப் பறவை மறைவைவிட்டு வெளியே வருகிறது. இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. இரை தேட வேண்டிய நேரம் அதில் போகிறது.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. குழந்தைகள் இருக்கிற ஊர் அது. அவர்கள் அத்தனை பெரிய மகிழ்ச்சியையே விட்டுக்கொடுக்கும்போது, நம்மால் ஒரு ஃப்ளாஷை விட்டுக்கொடுக்க முடியாதா?

கூடு

கூட்டுப் பக்கம் போகவே வேண்டாம், அதுவும் அந்தியில். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டையிடும். அது தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கக்கூடும் என்று பொருள். அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், காலடியைப் பார்த்து வந்த வழியே திரும்புங்கள். அதன் கூச்சலைக் காக்கைகளும் நாய்களும் கவனித்துக்கொண்டிருக்கும்.

படத்தை வெளியிடும்போது அரிய பறவை என்றால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். ஃபைலில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் நீக்கிவிடுங்கள்.

திரும்பும்போது

அந்த மாந்தோப்புக்கு மறுநாளும் போனேன். ஐந்து மணிக்கே போய், வரப்போரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சீழ்க்கை கேட்டது, கொஞ்ச நேரத்தில் பறவையே சருகு கிளறியபடி என் பக்கம் வந்தது, நேற்று நான் விரட்டிப்போன தூரத்தைவிடக் கிட்டே. எஃப் 5.6, 1/60, ஐஎஸ்ஓ 6400. எட்டுப் படங்களில் ஒன்று நன்றாக வந்தது.

அப்புறம்தான் இன்னொரு தவறுக்கு வாய்ப்பு இருந்தது. படம் கிடைத்த மகிழ்ச்சியில் சட்டென்று எழுந்துவிடுவோம், பையைப் படபடவென்று மூடுவோம், டார்ச்சை மரக்கிளைகளில் அடித்துக்கொண்டே நடப்போம். மேலே மைனாக்களும் தவிட்டுக்குருவிகளும் அடையத் தொடங்கியிருக்கும். அன்று குருவி தானாகப் புதருக்குள் போகும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு டார்ச்சை விரலால் பாதி மறைத்து, தரையில் மட்டும் விழும்படி பிடித்துக்கொண்டு, வரப்பு வழியே வெளியே வந்தேன்.