திருச்சி ஏர்போர்ட்ல நைட் ஃபிளைட்டா? கியூவுல சிக்காம ஏறுறது எப்படி

திருச்சியில இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், சார்ஜானு போறவங்க கிட்ட எத்தனை மணிக்கு ஏர்போர்ட் போகணும்னு கேட்டுப் பாருங்க, ரெண்டே பதில்தான் வரும். ஒண்ணு, மத்தியான சாப்பாட்டை முடிச்சுட்டு கிளம்பிடு. இன்னொண்ணு, அட நம்ம திருச்சிதானப்பா, ஒண்ணரை மணி நேரம் போதும். ரெண்டுமே வேலைக்கு ஆகாது. முதல் ஆளு கவுண்டர் திறக்காம நாலு மணி நேரம் பெட்டி மேல உக்காந்திருப்பாரு, ரெண்டாவது ஆளு கவுண்டர் மூடுற நேரத்துக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடி வருவாரு. நான் ரெண்டு ஆளாவும் இருந்து பாத்துட்டேன்.

புது டெர்மினல் வந்துடுச்சே, இன்னுமா கியூன்னு கேப்பீங்க. 2024 ஜனவரி 2ஆம் தேதி பிரதமர் வந்து திறந்து வச்சாரு, ஜூன் 11ல இருந்து ஃபிளைட் எல்லாம் அங்க மாறிடுச்சு. 1,100 கோடிக்கு மேல செலவு, வருஷத்துக்கு 44 லட்சம் பேர், நெரிசலான ஒரு மணி நேரத்துல 3,500 பேர் வரைக்கும் தாங்கும்னு கணக்கு. கோபுரம், கோலம்னு சுவரெல்லாம் அழகாத்தான் இருக்கு, பழைய டெர்மினல்ல பட்ட பாடு இப்ப இல்லைங்கறதும் உண்மைதான். ஆனா கியூ இடத்தை மட்டும் பொறுத்தது இல்லைங்க, எத்தனை பிளேன் ஒரே நேரத்துக்கு கிளம்புதுங்கறதைப் பொறுத்தது. ஒரு ஏர்பஸ் 320ல சுமார் 180 பேர். ஒரு மணி நேர இடைவெளிக்குள்ள மூணு பிளேன் கிளம்புதுன்னா 540 பேர், எல்லாரும் அதே இமிகிரேஷன், அதே செக்யூரிட்டி வழியாத்தான் போயாகணும். பெல்ட்டு ஷூவை கழட்டி மாட்டவே ஆளுக்கு ரெண்டு நிமிஷம் ஆகுது.

அதனால டிக்கெட்டை எடுத்த உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, நம்ம ஃபிளைட்டுக்கு முன்னாடி பின்னாடி வேற என்னென்ன போகுதுன்னு பாக்கறது. ஃபிளைட்ரேடார்24 மாதிரி ஆப்ல டிஆர்இசட்னு திருச்சியோட கோடை போட்டா அன்னைக்கு கிளம்புற எல்லா ஃபிளைட்டும் வரிசையா வந்துடும். முந்தின வாரம் அதே கிழமைக்கு எப்படி இருந்துச்சுன்னு பாத்து வச்சுக்கங்க. உங்க ஃபிளைட் தனியா போகுதுன்னா கவலையே வேண்டாம். கோலாலம்பூர் ஒண்ணு, சிங்கப்பூர் ஒண்ணு, வளைகுடா ஒண்ணுன்னு அரை அரை மணி நேர இடைவெளியில நின்னா, அந்த மூணுல எது முதல்ல போகுதோ அந்த ஆளுங்களுக்கு முன்னாடி நீங்க லைன்ல இருக்கணும்.

ஏன் நம்ம ஊர்ல நடுராத்திரி ஃபிளைட்டா இருக்குன்னு நிறைய பேருக்கு ஒரு எரிச்சல். பட்ஜெட் கம்பெனிக்கு பிளேன் தரையில நின்னா நஷ்டம், பறந்தாத்தான் காசு. அந்த பிளேனுக்கு வீடு சிங்கப்பூரோ கோலாலம்பூரோதான், நம்ம ஊரு இல்ல. அங்க பகல்ல நாலு ரவுண்டு அடிச்சுட்டு, சாயங்காலத்துக்கு மேல இங்க வந்து ஒரு மணி நேரத்துல ஆளை இறக்கி ஆளை ஏத்திட்டு விடியறதுக்குள்ள திரும்பிப் போயி மறுபடி வேலைக்கு நிக்கணும். இதுல நமக்கு ஒரு நல்லது இருக்கு, ஒரு கெட்டதும் இருக்கு. கெட்டது என்னன்னா காலையில அங்க ஒரு மணி நேரம் லேட்டானா அது உருண்டு உருண்டு ராத்திரி நம்ம தலையில வந்து விழும். நல்லது, நாம ஏறப்போற பிளேன் எங்க இருக்குன்னு முன்னாடியே பாத்துக்கலாம். கோலாலம்பூர்ல இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் இங்க வர சுமார் நாலு மணி நேரம், அப்ப அந்த பிளேன் அங்க கிளம்பலைன்னா நாம தஞ்சாவூர் வீட்ல காபி குடிச்சுட்டு இருக்கும்போதே விஷயம் தெரிஞ்சுடும்.

ஆனா இந்த இடத்துலதான் கோட்டை விடுவாங்க. பிளேன் லேட்டு, அதனால நாமளும் லேட்டாப் போலாம்னு நினைக்காதீங்க. கம்பெனியே நேரத்தை மாத்தி மெசேஜ் அனுப்பாத வரைக்கும் டிக்கெட்ல போட்டிருக்கிற நேரத்தை வச்சுத்தான் கவுண்டரை மூடுவாங்க. ஆப்ல பாக்கறது டீயை மெதுவா குடிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண மட்டும்.

நேரக் கணக்கு இதுதான். வெளிநாட்டு ஃபிளைட்டுக்கு கவுண்டர் பொதுவா மூணு மணி நேரம் முன்னாடி திறக்கும், 60 நிமிஷம் முன்னாடி மூடிடும், சில கம்பெனி 75 நிமிஷத்துலயே மூடிடுது, உங்க டிக்கெட்ல போட்டிருக்கும், பாத்துக்கங்க. கேட்டை 20, 25 நிமிஷம் முன்னாடி சாத்திடுவாங்க. ராத்திரி 12.30 ஃபிளைட்டுன்னா ஒன்பதரைக்கு கவுண்டர் திறக்கும், நீங்க ஒன்பதேகாலுக்கு வாசல்ல நிக்கணும். அதுக்கு முன்னாடி போனா வேஸ்ட்டு, பத்தரைக்கு மேல போனா வயித்துல புளி கரைக்கும்.

இந்த 12.30ல இன்னொரு பெரிய கண்டம் இருக்கு, தேதி. டிக்கெட்ல 15ஆம் தேதி 00.30னு போட்டிருந்தா 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டதும் ஏர்போர்ட்ல இருக்கணும்னு அர்த்தம். எங்க சித்தப்பா 15ஆம் தேதி ராத்திரி மாலையெல்லாம் போட்டுக்கிட்டு ஒரு வேன் நிறைய சொந்தக்காரங்களோட வந்து நின்னாரு, பிளேன் முந்தின ராத்திரியே போயாச்சு. டிக்கெட் காசு போச்சு, வேன் வாடகையும் போச்சு, இப்பவும் கல்யாண வீட்ல அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க. டிக்கெட் போட்டதும் காலண்டர்ல "14 ராத்திரி 9 மணி ஏர்போர்ட்"னு எழுதி வச்சுடுங்க, 15ங்கற நம்பரையே எழுதாதீங்க.

இன்னொண்ணு, மாசக்கணக்கா முன்னாடி போட்ட டிக்கெட்டுன்னா நேரம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஏர்லைன்காரங்களுக்கு வருஷத்துல ரெண்டு டைம்டேபிள்தான், மார்ச் கடைசி ஞாயித்துக்கிழமை ஒண்ணு தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை இன்னொண்ணு. அந்த ரெண்டு தேதியைத் தாண்டி பயணம்னா கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு தடவை புக்கிங்கை திறந்து பாருங்க. ஏஜென்ட் கிட்ட போட்டிருந்தா மெசேஜ் அவரோட மெயிலுக்குத்தான் போயிருக்கும், அவரு நூறு பேருக்கு டிக்கெட் போட்டவரு, உங்களை ஞாபகம் வச்சு கூப்பிடுவாருன்னு நம்பாதீங்க.

பஸ்ல வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. முன்னெல்லாம் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கு, புதுக்கோட்டை பஸ் ஏறு, ஏர்போர்ட் ஸ்டாப்ல இறங்குன்னு கண்ணை மூடிட்டு சொல்லலாம். 2025ல பஞ்சப்பூர் பஸ் நிலையம் திறந்ததுக்கு அப்புறம் வெளியூர் பஸ் நிறைய அங்கதான் போகுது, அதனால உங்க பஸ் எங்க இறக்கி விடும்னு கண்டக்டரை கேட்டுக்கிட்டு ஆட்டோவுக்கு கூட அரை மணி நேரம் வச்சுக்கங்க.

இப்ப பெட்டி. கவுண்டர்ல கியூ நகராம நிக்குதுன்னா பாதி காரணம் முன்னாடி ஒரு குடும்பம் தரையில பெட்டியை பிரிச்சு வச்சுக்கிட்டு மூணு கிலோவை எங்க திணிக்கறதுன்னு சண்டை போட்டுட்டு இருக்கும். மலேசியா கம்பெனி ஏர்ஏசியால கைப்பை எல்லாம் சேத்து 7 கிலோ, சிங்கப்பூர் கம்பெனி ஸ்கூட்ல 10 கிலோ. கீழ போடுற லக்கேஜுக்கு தனியா காசு, அதை டிக்கெட் போடும்போதே வாங்கினா ஒரு விலை, கவுண்டர்ல நின்னு கட்டினா வேற விலை, அந்த வித்தியாசத்துல ஒரு பட்டுப்புடவை எடுத்துடலாம். கையில தூக்கிப் பாத்து "இருபதுதான் இருக்கும்"னு சொல்ற மாமா எல்லா வீட்லயும் இருக்காரு, அவரை நம்பாம கொக்கியில மாட்டுற டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, தெருவுக்கே ஆகும். சொன்ன அளவுக்கு அரை கிலோ கம்மியாவே கட்டுங்க, அட்டைப்பெட்டிக்கு மேல சுத்துற கயிறும் டேப்பும் கூட எடைதான்.

பெட்டிக்குள்ள எது எங்கங்கறதுலதான் செக்யூரிட்டி கியூவோட விதி இருக்கு. ஊறுகாய், நெய், நல்லெண்ணெய், புளிக்காய்ச்சல், அம்மா பாட்டில்ல ஊத்திக் குடுத்த சாம்பார், இதெல்லாம் கைப்பையில வைக்காதீங்க, வெளிநாட்டு ஃபிளைட்டுக்கு 100 மில்லிக்கு மேல எந்த திரவமும் குழம்பும் உள்ள போகாது. பாட்டில் பெருசா இருந்து உள்ள கொஞ்சம்தான் இருக்குன்னாலும் விட மாட்டாங்க, பாட்டிலோட அளவுதான் கணக்கு. மணப்பாறை முறுக்கு, அதிரசம் எல்லாம் கையிலயே கொண்டு போலாம், பிரச்சனை இல்ல. கோயிலுக்குப் போயிட்டு வந்து அப்படியே கிளம்புறவங்க கவனிங்க, கொப்பரைத் தேங்காய்க்கு 2022ல இருந்தே தடை, எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும்னு கைப்பையிலயும் கூடாது, கீழ போடுற பெட்டியிலயும் கூடாது. கற்பூரம், தீப்பெட்டியும் அப்படித்தான். பூஜை சாமான் பையை மொத்தமா தூக்கிப் போட்டுட்டு வந்து பெட்டியை திறக்கச் சொன்னாங்கன்னு புலம்புறவங்களை ஒவ்வொரு தடவையும் பாக்கறேன்.

பவர்பேங்க் நேர் எதிர், அது கீழ போடுற பெட்டியில இருக்கவே கூடாது, கைப்பையிலதான். 20,000 எம்ஏஎச்னா தாராளமா போகும், 100 வாட் அவர்ங்கறது வரம்பு, அது கிட்டத்தட்ட 27,000 எம்ஏஎச். ஸ்கூட்ல 2025 ஏப்ரல்ல இருந்து பிளேனுக்குள்ள பவர்பேங்க்ல சார்ஜ் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதனால வெயிட்டிங்ல உக்காந்திருக்கும்போதே போனை ஏத்திக்கங்க.

இங்க செக்யூரிட்டில மாட்டாம அங்க இறங்கி மாட்டுற சாமான் ஒண்ணு இருக்கு, கசகசா. நமக்கு அது குருமாவுக்கு போடுறது, துபாய்லயும் சிங்கப்பூர்லயும் அது போதைப்பொருள் சட்டத்துல வர்ற விஷயம். மசாலா அரைச்சு குடுக்கிற பெரியம்மா கிட்ட கசகசா சேக்காதீங்கன்னு வாயைத் திறந்து சொல்லுங்க, பொடியா இருந்தாலும் ஆபத்துதான்.

கவுண்டர் முடிஞ்சா அடுத்து இமிகிரேஷன், அதுக்கு அப்புறம்தான் செக்யூரிட்டி. உள்ளூர் ஃபிளைட்ல போய்ப் பழகினவங்க இந்த இமிகிரேஷன் நேரத்தை கணக்குல விட்டுடுவாங்க. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசிங்கற டிஜிட்டல் அரைவல் கார்டு, ரெண்டுமே இறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல போடணும், ரெண்டுமே அரசாங்க சைட்ல இலவசம், காசு கேட்டா நீங்க வேற ஏதோ சைட்ல இருக்கீங்கன்னு அர்த்தம். மலேசியாவுக்கு 30 நாள் விசா வேண்டாம்னு 2023 டிசம்பர்ல நடைமுறைக்கு வந்ததுல இருந்து நிறைய பேர் எதுவுமே வேண்டாம்னு நினைச்சுட்டு கவுண்டர் முன்னாடி நின்னுக்கிட்டு போன்ல ஃபார்ம் நிரப்புறாங்க, பின்னாடி நிக்கிற நமக்கு பத்து நிமிஷம் போகும். ஈசிஆர் பாஸ்போர்ட், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்னு குறிச்சிருக்கிற பாஸ்போர்ட், வச்சிருக்கிறவங்க வேலைக்காக மலேசியாவோ வளைகுடாவோ போறதா இருந்தா அந்த கிளியரன்ஸ் இல்லாம வராதீங்க, சுத்திப் பாக்கத்தான் போறேன்னா ரிட்டர்ன் டிக்கெட்டும் ஓட்டல் புக்கிங்கும் பேப்பரா கையில இருக்கட்டும், போனை எடுத்து தேடிட்டு நிக்காதீங்க.

செக்யூரிட்டி லைன்ல நிக்கும்போதே பெல்ட், வாட்ச், சில்லறை, போன் எல்லாத்தையும் கழட்டி பைக்குள்ள ஒரு ஜிப்புல போட்டுடுங்க. டிரே கிட்ட போனதும் லேப்டாப்பும் பவர்பேங்க்கும் மட்டும் வெளிய எடுத்தா போதும். பொம்பளைங்களுக்கு சோதனை தனி லைன், அது பெரும்பாலும் சீக்கிரம் முடியும், அதனால குடும்பமா போனா பாஸ்போர்ட் பையையும் குழந்தையையும் வீட்டம்மா கிட்ட குடுத்து விடுறது புத்திசாலித்தனம். தண்ணி பாட்டிலை காலி பண்ணிட்டுப் போங்க, உள்ள போய் பிடிச்சுக்கலாம். கியூவுல நிக்கும்போது பின்னாடி இருந்து ஒருத்தர் சிரிச்சுப் பேசி "அண்ணே, இந்தச் சின்னப் பையை மட்டும் கொண்டு போங்க, அங்க ஆளு வந்து வாங்கிக்கும்"னு சொன்னா கும்பிடு போட்டுட்டு நகந்துடுங்க. காசு வாங்கிக்கிட்டு சாமான் கடத்துற குருவிங்க நடமாட்டம் உள்ள ஏர்போர்ட் இது. உங்க பேர்ல டேக் ஒட்டினா அது உங்க சாமான்தான், கஸ்டம்ஸ் வேற கதை கேக்காது.

அப்புறமும் லேட்டானா? இந்திய கம்பெனி ஃபிளைட்டுன்னா விமானத்துறையை கண்காணிக்கிற டிஜிசிஏவோட விதி இருக்கு. இங்க இருந்து போற நாலு மணி நேரப் பயணத்துக்கு மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டானா சாப்பாடு குடுக்கணும். ராத்திரி 8 மணியில இருந்து விடியக்காலை 3 மணிக்குள்ள கிளம்ப வேண்டிய ஃபிளைட் ஆறு மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போனா ரூம் போட்டுக் குடுக்கணும், நம்ம நைட் ஃபிளைட்டுக்குன்னே எழுதின மாதிரி. வானிலை மாதிரி அவங்க கையில இல்லாத காரணம்னா வேற பேச்சு. வெளிநாட்டு கம்பெனிக்கு அவங்கவங்க நாட்டு விதி. எதுவா இருந்தாலும் கத்தாம கவுண்டர்ல போய் கேளுங்க, கேட்டவனுக்கு மட்டும்தான் சாப்பாட்டு கூப்பன் வரும்.

கடைசியா வழியனுப்ப வந்த வேன். வாசல்லயே டாட்டா காட்டி அனுப்பிடாதீங்க. பெட்டியை எடை போட்டு டேக் ஒட்டி பெல்ட்ல போற வரைக்கும் அவங்க வெளியவே நிக்கட்டும். ரெண்டு கிலோ ஜாஸ்தின்னு சொன்னா அந்த ஊறுகாய் பாட்டிலை வெளிய கொண்டு வந்து குடுக்க ஒரு கை வேணும்ல.