ஏ9 வீதிக்குச் சின்னக் கார் காணுமா?

ஊருக்குப் போக டிக்கெட் போட்ட கையோடு வரும் அடுத்த வேலை, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் போக வாகனம் பேசுவது. ஆல்டோ என்றால் இவ்வளவு, வேகன் ஆர் என்றால் இன்னும் கொஞ்சம், கேடிஎச் (டொயோட்டா ஹைஏஸ்) வான் என்றால் அதற்கும் மேலே என்று வாட்ஸ்அப்பில் விலை வரும். இரண்டு பேர்தானே, சின்னக் கார் காணும் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்குள் திருநெல்வேலிச் சந்தைக்கும் நல்லூருக்கும் ஓடித் திரிய ஆல்டோவைவிட வசதியான வாகனம் இல்லை, உண்மைதான். ஆனால் 400 கிலோமீற்றர் அளவிலான நெடுவழிக்கு அதை எடுப்பது வேறு விஷயம்.

முதலில் வீதியைப் பாருங்கள். கனடாவின் 401, இங்கிலாந்தின் எம்1, ஜேர்மனியின் ஓட்டோபான் போன்றவற்றில் எதிர்த்திசை வாகனம் உங்கள் பாதைக்குள் வருவது மிக அரிது. நடுவில் தடுப்பு இருக்கும். அங்கே சின்னக் கார் ஓட்டிப் பழகியவருக்கு எடைப் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி அப்படியில்லை. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் என்று போகும் அந்த வீதி பெரும்பாலும் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. நடுவில் இருப்பது வெள்ளைக் கோடு மட்டும். தளம் நன்றாகப் போடப்பட்டிருப்பதால் வேகமும் வருகிறது. எனவே நேருக்கு நேர் மோதல்தான் இங்கே பயப்பட வேண்டிய விபத்து. அதில்தான் சின்னக் காரின் பலவீனம் முழுதாக வெளிப்படுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்றும் 2,500 கிலோ எடையுள்ள வான் ஒன்றும் தலா 60 கிலோமீற்றர் வேகத்தில் எதிரெதிரே மோதுகின்றன. உடம்பைத் தாக்குவது, அந்தக் கண நேரத்துக்குள் நீங்கள் இருக்கும் வாகனத்தின் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பது. இந்த மோதலில் வானின் வேகம் ஏறக்குறைய 34 கிலோமீற்றர் மாறும். காரின் வேகம் 86 கிலோமீற்றர் மாறும். அதாவது கார் நிற்பதோடு முடியாது, பின்னோக்கியும் தள்ளப்படும். எதிரே வந்தது 14,000 கிலோ பஸ் என்றால் காருக்கு 112, பஸ்ஸுக்கு 8. பஸ்ஸில் இருப்பவர் முன்சீட்டில் முகம் இடித்துக்கொள்வார். காரில் இருப்பவரின் கதி வேறு. எவ்வளவு நல்ல சாரதி இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

"எங்கட காருக்கு எயார்பேக் இருக்கு, ஸ்டார் இருக்கு" என்று வாகனம் விடுபவர் சொல்லலாம். நட்சத்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, டாட்டா நானோ உட்பட ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூச்சியம். 2023இல் சோதித்தபோது ஐந்து நட்சத்திரத்தில் இந்திய வேகன் ஆருக்கு ஒன்று, ஆல்டோ கே10க்கு இரண்டு. இலங்கையில் ஓடும் ஆல்டோக்களில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வந்தவை. வேகன் ஆரில் இரண்டு வகை உண்டு. 660 சிசி எஞ்சினோடு ஜப்பானிலிருந்து வந்தது வேறு, இந்தியாவில் செய்தது வேறு. பெயர் ஒன்றுதான், உடம்பு ஒன்றல்ல. ஜப்பான் வண்டியில் இரண்டு எயார்பேக்காவது இருக்கும். பழைய ஆல்டோ என்றால் கட்டாயம் கேட்டுப் பாருங்கள், பலவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் நல்ல நட்சத்திரம் வாங்கிய சின்னக் காரும் எடையை வெல்ல முடியாது. இந்தச் சோதனைகள் ஒரு வாகனம் தன் எடையை ஒத்த இன்னொன்றோடு மோதினால் என்ன ஆகும் என்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2009இல் இதைப் பச்சையாகவே காட்டியது. ஸ்மார்ட் காரை பென்ஸ் சி கிளாஸோடும், ஹொண்டா ஃபிட்டை அக்கோர்டோடும், டொயோட்டா யாரிஸை கேம்ரியோடும் மோதவிட்டார்கள். தடுப்புச் சுவரில் மோதவிட்ட சோதனையில் ஸ்மார்ட் நல்ல மதிப்பெண் வாங்கிய கார். பெரிய காரோடு மோதியபோது மூன்று சின்னக் கார்களுக்கும் கிடைத்தது 'மோசம்'. எதிரே நின்றவை லொறிகள்கூட இல்லை, சாதாரணக் குடும்பக் கார்கள்.

சரி, அப்படியென்றால் பெரிய வானைப் பிடித்துவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து போகிறவர்களில் அதிகமானோர் போவது வானில்தான். 2016 டிசம்பரில் சாவகச்சேரி சங்கத்தானையில் வான் ஒன்றும் இ.போ.ச (அரச) பஸ் ஒன்றும் மோதியதில் வானில் வந்தவர்கள் குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். பஸ்ஸுக்கு முன்னால் வானும் சின்ன வாகனம்தான். ஹைஏஸ் போன்ற வானில் சாரதி முன் அச்சுக்கு மேலேயே உட்காருகிறார், காலுக்கு முன்னால் நசுங்கிக் கொடுக்க இடம் கொஞ்சம்தான். உயரமான வண்டி என்பதால் சடுதியாக வெட்டித் திருப்பினால் கவிழவும் பார்க்கும். பின்னால் மூன்று வரிசை. அதில் எத்தனை சீட்டில் பெல்ட் இருக்கிறது? இருந்தாலும் சீட் கவருக்குள் புதைத்துத் தைத்து வைத்திருப்பார்கள், அல்லது இடுப்போடு மட்டும் நிற்கும் பெல்ட். பெல்ட் போடாத பத்துப் பேரோடு போகும் வானைவிட, நாலு பேரும் பெல்ட் போட்ட நடுத்தரக் கார் எவ்வளவோ மேல். ஆக்சியோ, அலியோன், பிரீமியோ போன்ற செடான்கள் ஹயருக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. மூன்று நாலு பேருக்கு அதுதான் என் தெரிவு. ஆட்கள் கூடினால் வான் எடுங்கள், ஆனால் பெல்ட்டை முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஏசி வேலை செய்யுமா, வைஃபை இருக்கா என்றெல்லாம் கேட்கிறோமே.

வாகனம் பேசும்போது அடுத்ததாகக் கேட்க வேண்டியது ரயர். 2020இலிருந்து 2025 வரை இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. ஆகவே ஹயருக்கு வரும் பல வண்டிகள் வயதானவை. ஆல்டோ 800இல் இருப்பது 12 அங்குலச் சக்கரம். கரையில் உடைந்த தார் விளிம்பிலோ குழியிலோ அது விழும்போது பெரிய சக்கரத்தைவிடக் கூடுதலாக அடி வாங்கும். அதன் மேல் சுமையை யோசியுங்கள். ஆளுக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு என்றால் நாலு பேருக்கு 184 கிலோ. சாரதியோடு ஐந்து பேர், குறைந்தது 300 கிலோ. அந்தக் கார் தாங்கும் எல்லையை இது தாண்டிவிடும். மீதிப் பெட்டியைக் கூரையில் கட்டிக்கொண்டு போனால் பிரேக் பிடிக்கவும் தூரம் கூடும், வளைவில் ஆட்டமும் கூடும். இரண்டு பேர் கைப்பையோடு பகலில் போகிறார்கள் என்றால் சின்னக் காரை நான் ஒரேயடியாக மறுக்கமாட்டேன். நாலு பேர், எட்டுப் பெட்டி, ஆல்டோ என்றால் வேண்டவே வேண்டாம்.

எந்த வாகனம் என்பதைவிட எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பது பெரிய கேள்வி. விமானம் இரவு பத்துப் பதினொன்றுக்கு இறங்கும். சாரதி அன்று பகல் முழுக்க யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்திருப்பார். வருகை வாசலில் இரண்டு மணி நேரம் நின்றிருப்பார். அப்புறம் உங்களை ஏற்றிக்கொண்டு திரும்ப ஏழெட்டு மணி நேரம் ஓடவேண்டும். நீங்கள் பயணக் களைப்பில் தூங்கிவிடுவீர்கள், வானில் விழித்திருப்பவர் அவர் ஒருவர்தான், அவரும் அரைத் தூக்கம். விடியப்புறம் மூன்று மணிக்கு, பின்விளக்கு இல்லாமல் கரையில் நிற்கும் லொறியை அவர் காணாமல் விட்டால் உங்கள் வானின் எடை உங்களுக்கு உதவாது. லான்ட்மாஸ்டர் எனும் சின்ன உழவு இயந்திரங்கள், தார் சூட்டுக்கு வீதியில் வந்து படுக்கும் மாடுகள், புத்தளம், அனுராதபுரம் பக்கம் யானை, எல்லாம் இரவில்தான் ஆபத்து. வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது நல்ல வழக்கம், சாரதி இறங்கி முகம் கழுவவாவது அது வழி செய்கிறது. ஆனால் அதற்கு முன்பே பாதி வழிக்கு மேல் வந்தாகிவிட்டது.

நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம், எல்லா விலையிலும் அறை உண்டு. சாரதிக்கும் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் மதியத்துக்கு முன்பின் யாழ்ப்பாணம் போய்விடலாம். அம்மா சமைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்பது உண்மைதான், ஆனால் அரை நாள் பொறுப்பார்.

சாரதியிடம் எப்படிச் சொல்வது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். ஊர்ப் பெடியன், மாமாவுக்குத் தெரிந்தவன், கோபிப்பானோ என்று. வெளிக்கிடும் முன்பே, "தம்பி, எங்களுக்கு அவசரம் ஒண்டும் இல்லை, நேரத்துக்குப் போகாட்டிலும் பரவாயில்லை. பஸ்ஸை முந்த வேண்டாம், பிள்ளையள் பயப்படுதுகள்" என்று சொல்லிவிடுங்கள். வயதில் மூத்தவர் என்றால் "அண்ணை" போட்டு அதையே சொல்லலாம். பிள்ளைகள் மேல் பழியைப் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது கையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், மெதுவாக ஓட அதுவும் ஒரு காரணம்.

முந்துவதைப் பற்றி ஒரு கணக்கு இன்னும் இருக்கிறது. ஊருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70. முன்னால் போகும் பஸ் 60இல் போகிறது. அதைப் பாதுகாப்பாகக் கடக்கக் கிட்டத்தட்ட 18 செக்கன் பிடிக்கும், அதற்குள் நீங்கள் 350 மீற்றர் போயிருப்பீர்கள். எதிரே 70இல் வருபவரும் அதே 350 மீற்றர் வந்திருப்பார். எனவே 700 மீற்றர் வெறுமையாக இருக்க வேண்டும். ஏசி போட்டு ஆள் நிரம்பிய 660 சிசி வண்டி சடுதியாக வேகம் எடுக்காது. வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் 140 கிலோமீற்றர் அளவு. முழுத் தூரமும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே 60இல் போனாலும், 70இல் போவதைவிட இருபது நிமிடம்தான் பிந்தும்.

தானே ஓட்டப் போகிறவர்களுக்கு: வெளிநாட்டு உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓட முடியாது. தற்காலிக இலங்கை உரிமம் எடுக்க வேண்டும், 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே அதற்குக் கருமபீடம் இருக்கிறது. உறவினரின் காரை வாங்கி ஓட்டினால், நீங்கள் ஓட்டுவதைக் காப்புறுதி ஏற்குமா என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். கனடா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வேயிலிருந்து வருகிறவர்கள் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். நேராகப் போகும்போது பிரச்சினை இல்லை, யோசிக்க நேரமில்லாமல் வெட்டித் திருப்பும்போது கை பழைய பக்கத்துக்குப் போகும். லண்டன்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று உண்டு. லண்டனில் எதிரே வருபவர் லைட் அடித்தால் "நீங்கள் போங்கள்" என்று அர்த்தம். ஏ9இல் பஸ் லைட் அடித்தால் "நான் வாறன், நீ விலகு". உங்கள் பாதையில்தான் அவர் வருகிறார் என்றாலும் விலகுங்கள். வேகத்தைக் குறைத்துக் கரைக்குப் போய் நில்லுங்கள். நியாயம் பேச அந்த இடம் உகந்தது அல்ல.

பெல்ட் முன்சீட்டுக்கு 2011 முதல் சட்டப்படி கட்டாயம். பின்சீட்டில் போட்டால் யாராவது சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிள்ளைகளுக்கான சீட்டை நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பல விமான நிறுவனங்கள் அதைத் தனிக் கட்டணமின்றி ஏற்றும், உங்கள் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். மூன்று புள்ளிப் பெல்ட்டால் கட்டக்கூடிய சீட்டாகப் பாருங்கள், பழைய வண்டிகளில் கொழுவிப் பூட்டும் கொக்கி இருக்காது. மடியில் பிடித்துக்கொள்ளலாம் என்று மாமி சொல்வார். 10 கிலோப் பிள்ளை கடும் மோதலில் 300 கிலோ இழுவை இழுக்கும். எந்த மாமியின் கைக்கும் அந்தப் பலம் இல்லை.

வீதியே வேண்டாம் என்பவர்களுக்கு ரயில் இருக்கிறது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கொழும்புக் கோட்டையில் ஏறலாம், சீட்டை முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அன்று ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். பெட்டிகளை மட்டும் வானில் அனுப்பிவிட்டு ஆட்கள் ரயிலில் போவதும் உண்டு. சென்னை வழியாக வருகிறவர்கள் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கே பறந்து இறங்கலாம். அப்படி இறங்கினால் ஏ9இன் கவலையே இல்லை.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபின் ஆல்டோ எடுங்கள். பட்டணத்துக்குள் 50 எல்லை, உண்மையான வேகம் அதிலும் குறைவு, ஒழுங்கைகளுக்குள் வான் திரும்பாது. வட்டுக்கோட்டைக்கோ சாவகச்சேரிக்கோ இரவு கலியாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் ஒளி குறைந்த நேரத்தை யோசித்துத் திரும்புங்கள். உள்ளூர் சிம் போட்ட உடனே 1990ஐ சேமித்துவிடுங்கள். அதுதான் சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை, தமிழிலும் பேசுவார்கள். அழைக்கும்போது கிலோமீற்றர் கல்லில் உள்ள இலக்கத்தையும் அடுத்துள்ள சந்தியின் பெயரையும் சொன்னால் விரைவாக வந்து சேர்வார்கள். பொலிஸுக்கு 119.