ஜிம் மெஷின் வாங்கப் போகிறீர்களா? பெட்டியை நிறுக்கும் தராசையும் எடுத்துக்கொண்டு போங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்பு மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் கொண்டோவுக்கு ஒரு ஜிம் மெஷின் வாங்கினேன். பின்னால் அடுக்கிய எடைத் தட்டுகள், நடுவில் இருக்கை, மேலே இழுக்க ஒரு நீளக் கம்பி, கீழே காலை மாட்ட இரண்டு உருளை, அந்த வகை. விளம்பரத்தில் 150 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. 150 கிலோ என்றால் ஆயுசுக்கும் போதுமே என்று பணத்தைக் கட்டிவிட்டேன். வந்து பிரித்த பிறகுதான் தெரிந்தது, அது பவுண்டு. கிலோவில் 68. சரி, 68-உம் மோசமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கைக்கு வருவது அந்த 68-உம் இல்லை என்று தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆனது.

இந்தியாவுக்குப் போகும்போது பெட்டியை நிறுக்க ஒரு கைத்தராசு வைத்திருப்போமே, கொக்கியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டுமே, அதை ஒருநாள் விளையாட்டாகக் கைப்பிடிக்குப் பதிலாகக் கேபிளில் மாட்டினேன். எடையைத் தேர்ந்தெடுக்கும் பின்னை 90 பவுண்டு தட்டில் செருகியிருந்தேன், ஏறக்குறைய 41 கிலோ. தராசைப் பிடித்து மெதுவாக இழுத்தால் 22 காட்டுகிறது. மெதுவாக விட்டால் 18. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, பேட்டரி தீர்ந்திருக்கும் என்றாள். சமையலறையில் இருந்த 10 கிலோ அரிசி மூட்டையை மாட்டிப் பார்த்தோம். சரியாக 10.

தராசில் குறையில்லை, விஷயம் கப்பியில் இருக்கிறது. கேபிள் நேராகப் போய் தட்டைத் தூக்கினால் 40 கிலோ என்பது கைக்கும் 40 கிலோதான். ஆனால் பல மெஷின்களில் தட்டோடு சேர்ந்து நகரும் ஒரு கப்பி வழியாகக் கேபிள் சுற்றி வருகிறது. அப்போது கைக்குப் பாதி எடைதான் வரும், பதிலுக்குக் கேபிள் இரண்டு மடங்கு நீளம் வெளியே வரும். அதோடு கப்பிகளின் உராய்வு வேறு: இழுக்கும்போது எடையைக் கூட்டும், விடும்போது குறைக்கும். என் 22-க்கும் 18-க்கும் நடுவில் இருந்தது அதுதான். மட்டமான கப்பியாக இருந்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும், தசை நன்றாக வேலை செய்ய வேண்டிய இறக்கும் பாதி சப்பென்று போய்விடும்.

இப்படி எடையைப் பாதியாக்கும் இரண்டுக்கு ஒன்று கப்பி இருந்தாலே மெஷின் கெட்டது என்று சொல்லவில்லை. நீளமாக இழுக்கும் பயிற்சிகளுக்கு அது வசதி, எடையும் சின்னச் சின்னப் படியாகக் கூடும். தெரியாமல் வாங்குவதுதான் தப்பு. கடையில் நின்றபடியே கண்டுபிடித்துவிடலாம். கைப்பிடியை ஒரு மீட்டர் இழுங்கள், தட்டு எவ்வளவு எழும்புகிறது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டரும் எழும்பினால் முழு எடை, அரை மீட்டர் என்றால் பாதி. ஒரே மெஷினில் மேல் கேபிள் ஒரு விதமாகவும், நெஞ்சுக்குத் தள்ளும் கை வேறு விதமாகவும், காலுக்கு இன்னொரு விதமாகவும் இருக்கும், அதனால் மூன்றையும் பாருங்கள். இணையத்தில் வாங்குவதென்றால் விற்பவரிடம் இதை எழுதிக் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

முழு எடையை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்காமல் விடுவதும் சகஜம். பெரும்பாலும் 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ. முதுகுக்கு இழுக்கும்போது 80-லிருந்து 90-க்குப் போவது பெரிய விஷயமில்லை. தோளுக்குப் பக்கவாட்டில் தூக்கும்போது 10-லிருந்து 20 என்றால் எடை ஒரே தாவலில் இரட்டிப்பு. பலம் கூடுவது கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டுவதால்தான், அந்தக் கொஞ்சம் கிடைக்கவில்லை என்றால் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பீர்கள். தட்டின் மேல் வைக்கிற ஒரு கிலோ, இரண்டு கிலோ துணை எடைகள் தனியாகக் கிடைக்கின்றன. உங்கள் மெஷினில் அவை உட்காருமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எடைத் தட்டே இல்லாத மெஷின்கள். கொண்டோ வீடுகளுக்கு இவைதான் சிறியவை, எடை குறைந்தவை, பார்க்கவும் அழகு. ஆனால் ரப்பர் பட்டையும் ஸ்பிரிங்கும் இழுக்க இழுக்கக் கனக்கும். தொடக்கத்தில் லேசு, முடிவில் இறுக்கம். பௌஃபிளெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பிரபலமாக்கிய வளையும் கம்பிகளும் அப்படித்தான். அதில் எழுதியிருக்கும் எண் கடைசி இழுப்பில் வருவது, முழு ஓட்டத்திலும் வருவதில்லை. சாய்ந்த பலகையில் படுத்து நம் உடம்பையே ஏற்றி இறக்கும் வகையில் எடை என்பது உங்கள் எடையின் ஒரு பங்குதான். கைக்கு அது தாராளம், பழகிய கால்களுக்குச் சீக்கிரம் போதாமல் போகும்.

எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது ஹைட்ராலிக் சிலிண்டர் வைத்தது. பலவற்றில் தள்ளும்போது மட்டும்தான் எதிர்ப்பு வரும், திரும்பி வரும்போது ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் எண்ணெய் சூடாகச் சூடாக எதிர்ப்பும் குறையும், முதல் செட்டில் இருந்த கனம் நான்காவதில் இருக்காது. பலம் கூட்டுவதற்கு இதை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

மோட்டார் வைத்து, திரையில் எடையை மாற்றும் புது வகை பற்றிப் பலர் கேட்கிறார்கள். நல்ல பொருள்தான், ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கூட்டலாம். ஆனால் மாதச் சந்தா உண்டா, சந்தா கட்டாவிட்டால் எது எது வேலை செய்யும் என்று கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து வரவழைப்பதென்றால் அங்கே 120 வோல்ட், நமக்கு 230-240, பிளக்கும் வேறு. டோனல் மாதிரி சுவரில் மாட்டுபவை அங்குள்ள வீடுகளின் மரச் சட்டங்களை நினைத்துச் செய்யப்பட்டவை. நம் சுவர் செங்கல் சிமெண்ட், சில புதுக் கட்டடங்களில் உள்சுவர் வெறும் பலகை. துளை போடும் முன் அது எந்தச் சுவர் என்று தெரிய வேண்டும். கொண்டோ போன்ற ஸ்ட்ராட்டா வீடென்றால் புதுப்பிப்பு வேலை எதற்கும் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இருக்கிறது, அதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இடத்துக்கு வருவோம். விளம்பரத்தில் போடும் நீள அகலம் மெஷின் சும்மா நிற்கும்போது எடுக்கும் இடம். நீங்கள் அதில் உட்கார்ந்து கையை விரித்தால் எவ்வளவு, காலை நீட்டினால் எவ்வளவு, பின்னால் போய் பின்னை மாற்ற ஓர் ஆள் நுழைய முடியுமா என்பதுதான் கணக்கு. என் மெஷின் 1.7 மீட்டருக்கு 1.1 மீட்டர். ஆனால் மேலே இழுக்கும் கம்பி மட்டுமே 1.2 மீட்டர் அகலம், சுவரோரம் தள்ளி வைத்ததும் ஒரு முனை சுவரில் இடித்தது. சுண்ணாம்பில் இன்னும் கோடு இருக்கிறது. வாங்கும் முன் மாஸ்கிங் டேப் எடுத்துத் தரையில் கட்டம் ஒட்டுங்கள். அதற்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, துடைப்பக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து மேலே கீழே இழுத்துப் பாருங்கள். ஒரு வாரம் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவைத்து, அதைச் சுற்றி நடந்து பழகுங்கள். பிள்ளைகளின் பள்ளிப் பையும் துணி காயவைக்கும் ஸ்டாண்டும் இரண்டே நாளில் அதற்குள் வந்துவிட்டால், அங்கே இடம் இல்லை என்று அர்த்தம்.

உயரமும் உண்டு. நம் கட்டடச் சட்டப்படி வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் குறைந்தது 2.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும், சமையலறை 2.25 இருந்தாலும் போதும், பால்கனிக்கு 2 மீட்டர். பல மெஷின்கள் 2.1 மீட்டர், ஆக நிற்கும். தொங்கி எழும்பும் கம்பி உள்ளதாக இருந்தால் தாடை அந்தக் கம்பிக்கு மேலே போக வேண்டும், தலைக்கு இன்னும் ஒரு சாண். நடுவில் மின்விசிறி சுற்றுகிறது என்பதை வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை.

தரை தாங்குமா என்று பயப்படுகிறவர்கள் அதிகம். குடியிருப்புத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கிறார்கள். 150 கிலோ மெஷினும் 80 கிலோ ஆளும் சேர்ந்து இரண்டு சதுர மீட்டரில் பரவினால் 115. கட்டடம் தாங்கும். தாங்காதது டைல்ஸ், ஏனென்றால் முழுக் கனமும் நான்கைந்து சின்னக் கால்களில் இறங்குகிறது. கீழே கெட்டியான ரப்பர் விரிப்பு போடுங்கள். தட்டுகள் மோதும் டங் சத்தம் கீழ்வீட்டில் நாம் நினைப்பதைவிடப் பலமாகக் கேட்கும். இரவு பத்து மணிக்கு இரண்டு முறை விட்டேன், மூன்றாம் நாள் காவலாளி வந்து, "அண்ணே, கீழ ஆண்டி ரொம்ப கோவமா இருக்காங்க" என்றார். அந்த ஆண்டிமேல் தப்பில்லை.

லிப்டை அளக்காமல் வாங்கியவர்கள் கதை ஆளுக்கொன்று இருக்கும். லிப்ட் நிற்காத மாடியில் குடியிருந்தால், பெட்டி எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, லோரிக்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவாரா, வீட்டுக்குள் வருவாரா என்று பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள். பொருத்துவதற்குத் தனியாக ஆள் கேட்பதில் வெட்கமில்லை. நானும் மைத்துனரும் காலைப் பசியாறிவிட்டு ஆரம்பித்தது மாலை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடிந்தது, கையில் இரண்டு நட்டு மிச்சம்.

வீட்டில் எல்லாரும் செய்வார்கள் என்று வாங்குவது அடுத்தது. அப்படியென்றால் உங்கள் எடையை மட்டும் யோசிக்காதீர்கள், மிகக் குறைந்த எடை எவ்வளவு என்று பாருங்கள். எங்கள் அம்மாவுக்கு 66 வயது. முதல் தட்டும் கேபிளின் உராய்வும் சேர்ந்தே அவர் தோளுக்கு அதிகம். இருக்கையை எவ்வளவு இறக்கியும் கால் தரையில் படவில்லை. ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு அம்மிக்கல்லே பரவாயில்லப்பா" என்று எழுந்து போய்விட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் பலப்பயிற்சி செய்ய வேண்டும், வயதானவர்களும்தான். அம்மாவுக்கு இப்போது இரண்டு கிலோ டம்பெல்லும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் போதுமானதாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் 700 சதுர அடி பிளாட்டில் இருக்கும் பலருக்கு, எடையை மாற்றக்கூடிய ஒரு ஜோடி டம்பெல்லும் மடக்கி வைக்கிற பெஞ்சும் மெஷினைவிட உருப்படியாக இருக்கும். முதுகுக்கு மேலிருந்து இழுப்பது ஒன்றுதான் அதில் சிரமம்.

அப்படி டம்பெல் வாங்கினாலும் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். 2025 ஜூனில் அமெரிக்காவில் பௌஃபிளெக்ஸ் 552, 1090 என்ற இரண்டு மாடல் டம்பெல்களை, தூக்கும்போது தட்டு கழன்று விழலாம் என்று திரும்பப் பெற்றார்கள், சுமார் 38 லட்சம் டம்பெல்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் அந்த நிறுவனம் திவாலாகி, தைவானின் ஜான்சன் நிறுவனம் அதை வாங்கியது. அவ்வளவு பெரிய பெயருக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத மெஷினுக்கு ஐந்து வருஷம் கழித்து ஒரு கப்பி கிடைக்குமா என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

பால்கனியில் வைக்காதீர்கள். நான் நான்கு மாதம் வைத்தேன், மழைச்சாரல் பட்டுத் தட்டு ஓடும் வழிக்கம்பியில் புள்ளி புள்ளியாகத் துரு. தட்டு பாதியில் நின்று, பிறகு திடீரென்று விழும். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங் பக்கம் கடல் காற்றில் இருப்பவர்களுக்கு உள்ளே வைத்தாலும் இந்தத் தலைவலி உண்டு. மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, கொஞ்சம் சிலிகான் ஸ்பிரே. என்ஜின் எண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும்.

பழையது வாங்குவதில் தப்பே இல்லை, ஆசையாய் வாங்கிப் பிறகு ஒதுக்கி வைத்த மெஷின்கள் ஊரெல்லாம் விற்பனைக்கு இருக்கின்றன. பெயிண்டைப் பார்க்காமல் கேபிளைப் பாருங்கள். ஒரு டிஷ்யூ தாளைச் சுற்றிப் பிடித்து முனையிலிருந்து முனைவரை இழுத்தால், உள் இழை அறுந்து வெளியே நீட்டும் இடத்தில் தாள் மாட்டிக்கொள்ளும். கப்பியில் வளையும் இடத்திலும் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் உறை வெடித்திருந்தால் அந்தக் கேபிளுக்கு ஆயுசு முடிந்தது, புதுக் கேபிளின் விலையைக் கழித்துப் பேசுங்கள். ஒன்று மட்டும்: தனி ஆளிடம் வாங்கினால் பிறகு கேட்க ஆளில்லை. கடையில் வாங்கியது என்றால், சொன்னது ஒன்று தந்தது ஒன்றாக இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கை, கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. ரசீதோடு அந்த விளம்பரத்தையும் படம் பிடித்து வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.