பெருங்குடல் பாக்டீரியாவுக்கும் பசிக்கும்: சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூர்த் தேக்காவில் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கோசோங் (உள்ளே எதுவும் வைக்காத வெறும் பரோட்டா), ஒரு தே தாரிக் (நுரை வர ஆற்றிய பால் தேநீர்). பரோட்டாவைக் குழம்பில் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்து போவார்கள். கிண்ணத்தின் அடியில் பருப்பும் கத்தரிக்காய்த் துண்டும் அப்படியே கிடக்கும். பெருங்குடல் பாக்டீரியாவுக்கென்று அந்த மேசையில் இருந்ததே அதுதான்.

மைதா, நெய், சர்க்கரை எல்லாம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். அதைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்வதில் முக்கியமானது நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து. அங்கே லட்சம் கோடிக் கணக்கில் வாழும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து, பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அந்த பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். நார்ச்சத்தே வராவிட்டால், சில வகை பாக்டீரியா குடல் சுவரைக் காக்கும் சளிப் படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். அதைப் படித்த நாளிலிருந்து நான் கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் எழுகிறேன்.

ஆகவே முதல் தவறு, வீட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போடாமல் புது விருந்தாளிகளைக் கூப்பிடுவது. புளித்த பால் பானத்தைத் தினமும் ஒரு குட்டிப் பாட்டில் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் அதிலுள்ள பாக்டீரியா பெரும்பாலும் குடலில் நிரந்தரமாகத் தங்குவதில்லை, வந்த வேகத்தில் வெளியே போய்விடும். சர்க்கரை எவ்வளவு என்று லேபிளையும் பாருங்கள்.

"நாங்கள் தினமும் இட்லி சாப்பிடுகிறோமே" என்பார்கள். மாவு புளிக்கும்போது உயிரோடிருக்கும் பாக்டீரியா ஆவியில் வெந்ததும் செத்துவிடும். கொதிக்கவிட்ட மோர்க்குழம்பும் அப்படித்தான். இட்லி நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் தயிரை ஆறிய சோற்றில் பிசையுங்கள்.

பழைய சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காத வகையாக மாறி, பெருங்குடல் வரை போகிறது. நல்லதுதான். அதற்காகச் சிங்கப்பூர் வெக்கையில் சோற்றுப் பானையை இரவு முழுக்க மேசையில் வைக்காதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் பெருகி நச்சை உண்டாக்கும், மறுபடி சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது. ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், எல்லாரும் செய்வது இது: திங்கட்கிழமை ஞானோதயம் வந்து கொண்டைக்கடலை, கைக்குத்தல் அரிசி, கீரை என்று ஒரே நாளில் மாறுவது. புதன்கிழமை வயிறு உப்பிப்போய், "எனக்கு இதெல்லாம் ஒத்துக்கலை" என்று விட்டுவிடுவார்கள். பாக்டீரியா நாரைப் புளிக்கவைக்கும்போது வாயு வரத்தான் செய்யும். முதல் வாரம் இரண்டு கரண்டி பருப்பு போதும், அடுத்த வாரம் ஒரு கொய்யா சேர்த்துக்கொள்ளுங்கள். கடலையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் நார்ச்சத்தின் அளவு நாளுக்கு ஆண்களுக்கு 26 கிராம், பெண்களுக்கு 20 கிராம். அரை கப் வெந்த பருப்பிலேயே ஏழு கிராம் போலக் கிடைக்கும்.

பழத்தை வடிகட்டி ஜூஸாகக் குடித்தால் நார் சக்கையோடு குப்பைக்குப் போகும். சளிக்காய்ச்சலுக்கு மீந்துபோன ஆன்டிபயாடிக்கை எடுத்து விழுங்காதீர்கள். வைரஸுக்கு அது கேட்காது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைத்தான் அழிக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். மலத்தில் ரத்தம் தெரிந்தால், மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியே இருந்தால், "சூடு பிடிச்சிருக்கு" என்று வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் டாக்டரிடம் காட்டுங்கள். 50 வயதைத் தொட்டவர்கள், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை பெருங்குடல் புற்றுநோய்க்கான மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வீட்டிலேயே மாதிரி எடுத்து அனுப்பும் சின்னப் பெட்டிதான், ஐந்து நிமிட வேலை.