கடலோர வெயிலில் குடல் அழற்சியோடு போட்டிக்குத் தயாராவது எப்படி

குடலில் நீண்ட நாள் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் குரோன்ஸ் நோயோ அல்சரேட்டிவ் கோலைடிஸோ வந்துவிட்டால் விளையாட்டை மூட்டை கட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. பிரிட்டனின் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1992இல் அல்சரேட்டிவ் கோலைடிஸ் இருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் 1996, 2000 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், தொண்டி, கீழக்கரைப் பக்கம் கபடி, வாலிபால், கடல் நீச்சல் என்று போட்டிக்குப் போகிறவர்களுக்கு, நோய் அடங்கியிருக்கும்போதும் இரண்டு விஷயங்கள் குழி பறிக்கும்: உடலில் உப்பும் நீரும் குறைவது, அவசரத்தில் போட்டுக்கொள்ளும் மாத்திரையும் டிரிப்ஸும்.

முதலில் தண்ணீர். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 60 கிலோ உள்ளவர் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால் ஆட்டம் தளரும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, இரண்டு மூன்று மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். வயிறு இளகியிருக்கும் நாளில் ஓஆர்எஸ் என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான் சரி. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைக்காதீர்கள். கரைசல் அடர்த்தியானால் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உவர்ப்பான போர் தண்ணீரில் கலக்க வேண்டாம், உப்பு அளவு மீறும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதனால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். பதநீர் நல்ல பானம்தான், ஆனால் சர்க்கரை அதிகம். வயிற்றுப்போக்கு இருக்கும்போது தள்ளி வையுங்கள். பெருங்குடலை அறுவை செய்து எடுத்தவர்களுக்கு உப்பு எப்போதுமே கூடுதலாக வெளியேறும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது அவர்களுக்கு ஆபத்து.

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, குழைந்த சோறு, வாழைப்பழம் போதும். நம் முண்டு மிளகாய் நோயை உண்டாக்காது. ஆனால் புண் கிளம்பிய குடலில் எரிச்சலைக் கூட்டும். குடல் சுருங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தவர்கள் பனங்கிழங்கைத் தொடவே கூடாது, அதன் நார் அடைத்துக்கொள்ளும். நோய் கிளம்பிய நாட்களில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. காரமில்லாமல் வேகவைத்த மீனும் முட்டையும் அதைத் தரும்.

தசை வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரோஃபென் வேண்டாம். இவை நோயைக் கிளப்பிவிடலாம். மைதானத்தில் வலி ஊசி போட வந்தால் என்ன மருந்து என்று கேட்டுவிட்டே கையை நீட்டுங்கள். பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது.

ஊக்கமருந்து விதிதான் பலரும் கவனிக்காத இடம். இந்த நோய்க்குத் தரும் மெசலமைன், அசதியோப்ரின், இன்ஃபிலிக்சிமாப், அடாலிமுமாப் எதற்கும் தடையில்லை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளுக்குப் போட்டிக் காலத்தில் தடை உண்டு. மாத்திரை, ஊசி மட்டுமல்ல, ஆசனவாய் வழியாகச் செலுத்தும் எனிமாவும் இதில் அடங்கும். போட்டிக்கு முந்தைய இரவு 11.59க்கே போட்டிக் காலம் தொடங்கிவிடும். அதற்காக, வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். உடல் தானே சுரக்கும் ஹார்மோன் குறைந்து மயங்கி விழ நேரிடும். கொலனோஸ்கோபி அறிக்கை, பயாப்ஸி முடிவு, மருந்தின் அளவு, எத்தனை நாள் என்று எழுதிய மருத்துவர் கடிதம் ஆகியவற்றோடு, போட்டிக்கு 30 நாளாவது முன்னால் நாடாவிடம் (தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பியுங்கள்.

டிரிப்ஸ் விதி இன்னும் கடுமை. 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றுவது போட்டி இல்லாத நாளிலும் தடைதான். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. அசதிக்காக ஏற்றும் ஒரு பாட்டில் 500 மில்லி! வாய்வழி குடிக்க முடிகிற வரை குடியுங்கள். இன்ஃபிலிக்சிமாப், இரும்புச்சத்து போன்றவற்றை மருத்துவமனையிலேயே ஏற்றி, அதன் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

அடாலிமுமாப் ஊசியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெளியூர் போகும்போது ஐஸ் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள், ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. உறைந்த ஊசி பயன்படாது.

நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் காலில் சிப்பி கீறிய புண்ணோடு கடலில் இறங்கக் கூடாது, கடல் நீரில் உள்ள விப்ரியோ கிருமி உடலுக்குள் வேகமாகப் பரவும். கீறினால் உடனே நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிவப்பு பரவினாலோ கொப்புளமும் காய்ச்சலும் வந்தாலோ அன்றே மருத்துவமனை. பச்சைச் சிப்பி சாப்பிடுவதும் இவர்களுக்கு ஆகாது.

ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம் போய், கூடவே நாடி 90ஐத் தாண்டினாலோ காய்ச்சல் இருந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே அட்மிட் ஆகுங்கள். மதுரைக்கோ சென்னைக்கோ நீண்ட பஸ் பயணம் முடிந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். நோய் கிளம்பியிருக்கும்போது அதற்கு வாய்ப்பு அதிகம்.

மறுபடி களமிறங்கும் முன் ஹீமோகுளோபினும், உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் 100 வரை காட்டினாலும் இரும்பு குறைவாக இருக்கக்கூடும். முதல் வாரம் பழைய பயிற்சியில் பாதி. காலையில் வயிறு கலங்கினால் அன்று நடை மட்டும்.