தீக்காய வார்டைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து பணம் திரட்டி, ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டைப் புதுப்பித்துக் கொடுக்கலாம் என்று கிளம்பினால், முதல் தவறு நாள் குறிப்பதிலேயே நடந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மழை. ஈரம் ஊறிய சுவரில் பெயின்ட் அடித்தால் சீக்கிரமே உப்பி உதிர்ந்துவிடும். சரி, மழை விட்டதும் அக்டோபரில் தொடங்குவோம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். இப்படி ஒரு வார்டைப் புதுப்பித்த எங்கள் குழுவுக்கும் அப்படித்தான் தோன்றியது. வார்டு சிஸ்டர் ஒன்றும் பேசாமல் காலண்டரில் தீபாவளித் தேதியில் விரலை வைத்தார். பட்டாசில் கை வெந்த பிள்ளைகள் வந்து சேரும் அந்த நாட்களில் இருக்கிற கட்டிலே போதாது. தீபாவளிக் கூட்டம் வடிந்த பிறகு தொடங்குங்கள், அடுத்த மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.

அடுத்த தவறு உயிரோடு விளையாடுவது: நோயாளிகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டே சுவரை உடைப்பது. தோல்தான் உடம்புக்கு மதில். பெரிய தீக்காயத்தில் முதல் சில நாட்களைத் தாண்டி வந்தவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது கிருமித் தொற்று. பழைய சுவரையும் ஃபால்ஸ் சீலிங்கையும் பிரிக்கும்போது பறக்கிற தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். அவை திறந்த புண்ணில் படிந்தால் ஆபத்து. நாலு கட்டிலை ஓரமாகத் தள்ளி நடுவே ஒரு துணியைத் தொங்கவிட்டால் போதாது. நோயாளிகளை வேறு வார்டுக்கு மாற்றும்வரை சுத்தியலைத் தொடாதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் பாதி பாதியாகச் செய்யுங்கள். தரையிலிருந்து கூரைவரை கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் கட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, இடிபாட்டை வெளியேற்றத் தனி வழி வையுங்கள். பெயின்ட் காய்ந்தாலும் வாடை போகும்வரை பொறுக்க வேண்டும். தீப்புகை உள்ளே போய் மூச்சுக்குழாய் வெந்தவர்களால் அந்த வாடையைத் தாங்க முடியாது. தொற்றுத் தடுப்பு நர்ஸ் வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் கட்டில்கள் உள்ளே போகலாம்.

நன்கொடை தருகிறவர்கள் பலர் எடுத்தவுடன் கேட்பது, "ஏசி போட்டுத் தரட்டுமா?" வெந்த உடம்புக்குக் குளிர்ச்சி இதம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் தோல் போன உடம்பால் சூட்டைத் தக்கவைக்க முடியாது. புண்ணிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நமக்கு வியர்த்து ஊற்றும் மே மாதத்திலும் அவர்கள் நடுங்குவார்கள். பெரிய காயம் உள்ளவர்களை 28 முதல் 32 டிகிரி வரை வெதுவெதுப்பான அறையில் வைப்பதுதான் வழக்கம். சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். ஃபில்டரை யாரும் கழுவாவிட்டால் அதுவே கிருமி தங்கும் இடமாகிவிடும். காற்றுக்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதை டாக்டரும் ஆஸ்பத்திரி எஞ்சினியரும் சொல்லட்டும், அதற்குப் பணம் கொடுங்கள்.

எங்கள் குழு செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பழைய வாஷ்பேசினை எடுத்துவிட்டு, திருகு வைத்த பளபளப்பான ஸ்டீல் குழாயோடு புதிது மாட்டினோம். வார்டைத் திறந்த மறுநாள் போனபோது, முழங்கை வரை இரண்டு கையிலும் கட்டுப் போட்ட ஓர் அம்மா அதன் முன்னால் நின்றிருந்தார். ஸ்டவ் வெடித்து வந்தவர், தாராவிக்காரர். முழங்கையால் குழாயை அழுத்திப் பார்த்தார், அது வழுக்கிக்கொண்டு போனது. என்னைப் பார்த்ததும், "தம்பி, இதைக் கொஞ்சம் திறந்து விடுப்பா, வாய் கொப்பளிக்கணும்" என்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே நீளக் கைப்பிடி வைத்த, முழங்கையால் தள்ளும் குழாய்களாக மாற்றினோம். கக்கூஸ் தாழ்ப்பாளும் ஃபிளஷ் பட்டனும் அப்படித்தான் இருக்க வேண்டும். கால் வெந்தவர்களால் குந்த முடியாது, அதனால் வெஸ்டர்ன் டாய்லெட்டும் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் கட்டாயம்.

வாஷ்பேசினில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் உண்டு. புண்ணில் பச்சைச் சீழ் பிடிக்க வைக்கும் சூடோமோனாஸ் என்ற கிருமி, தண்ணீர் போகும் ஓட்டையின் ஈரத்தில் குடியிருக்கும். குழாய்த் தண்ணீர் நேராக அந்த ஓட்டையில் விழுந்தால் கிருமி சுற்றிலும் தெறிக்கும். பேசின் ஆழமாக இருக்கட்டும், தண்ணீர் ஓட்டைக்குத் தள்ளி விழட்டும், டிரெஸ்ஸிங் சாமான் வைக்கும் இடம் அதற்குப் பக்கத்தில் வேண்டாம்.

துணித் திரைச்சீலை, குஷன் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேண்டாம். தினமும் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி போட்டுத் துடைத்தாலும் நிறம் போகாத, உரியாத பரப்புதான் வேண்டும், டிஸ்டெம்பர் பெயின்ட் தாங்காது. ஆக்சிஜன் குழாயின் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், அதிலுள்ள நிறத்தைப் பார்த்துத்தான் எந்த வாயு என்று தெரிந்துகொள்வார்கள். கண்ணாடியைக் கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டாம். மாறிப்போன முகத்தை எப்போது பார்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

அப்புறம், தனி அறை. இடத்தை அழகாகத் திறந்துவிடுகிறோம் என்று வார்டு ஓரத்திலுள்ள சின்ன அறையை இடித்துவிடுகிறவர்கள் உண்டு. தீக்காயத்தோடு வரும் பெண்களில் சிலர் வீட்டுக்குள்ளேயே எரிக்கப்பட்டவர்கள். மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்கும்போது, புகுந்த வீட்டார் காதில் விழாத ஓர் இடம் அவளுக்கு வேண்டும். அந்தச் சுவரைக் காப்பாற்றுங்கள். இதே காரணத்துக்காகத்தான் திறப்பு விழாவில் நோயாளிகளை ஓரமாக நிறுத்திக்கூடப் படம் எடுக்கக் கூடாது. பெரும்பாலும் போலீஸ் வழக்கு இருக்கும், அவர்கள் திரும்பிப் போக வேண்டிய தெருவும் இருக்கிறது.

வரைபடத்தை ஆஸ்பத்திரித் தலைவரான டீனிடம் மட்டும் காட்டிவிட்டுத் தொடங்காதீர்கள். இரவு ஷிஃப்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் மாமாவிடமும் தரை துடைக்கும் மாவ்ஷியிடமும் (மராத்தியில் சித்தி) காட்டுங்கள். ஸ்ட்ரெச்சர் எந்த வாசலில் இடிக்கும், தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்று அவர்கள்தான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் பெயர்ப்பலகைக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு குழாய், கொஞ்சம் வாஷர், பத்து டைல்ஸ், அதே நிறத்தில் ஒரு டப்பா பெயின்ட் வாங்கி, ஸ்டோர் புத்தகத்தில் பதிந்து சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.