மூட்டை தூக்குபவர்களுக்கு முதுகுப் பயிற்சி: குடோனில் நடத்துவது எப்படி?

ஷிப்ட் தொடங்கியதும் வரிசையில் நிறுத்தி, குனிந்து கால்விரலைத் தொடச் சொல்கிறீர்களா? அதை முதலில் நிறுத்துங்கள். தூங்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும்.

காலையில் 6 நிமிடம் போதும். 3 நிமிடம் வேகநடை. பிறகு ஒரு கழியை முதுகோடு நெட்டாகப் பிடித்து, பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு மூன்றிலும் படவிட்டு, முழங்காலைச் சற்றே மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி 10 முறை குனிய வேண்டும். கழி எங்காவது விலகினால், இடுப்பு மூட்டுக்குப் பதில் முதுகு வளைகிறது என்று பொருள். கடைசியில் வெறுங்கையோடு 10 முறை உட்கார்ந்து எழுவது.

பலப்படுத்தும் பயிற்சியைக் காலையில் வைக்கக் கூடாது. களைத்த தசையோடு 50 கிலோ மூட்டைக்குப் போவது வம்பு. வாரம் 3 நாள், வேலை முடிய 15 நிமிடம் இருக்கையில், சம்பள நேரத்துக்குள்ளேயே வையுங்கள். மணி அடித்தபிறகு வைத்தால் யாரும் நிற்கமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சாக்கை விரித்துத் தவழும் நிலைக்கு வந்து, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி 10 விநாடி நிற்க வேண்டும். பக்கத்துக்கு 4 முறை. காலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கினால் கீழ்முதுகு உள்வளையும். அடுத்து, ஒருக்களித்துப் படுத்து, முழங்கையைத் தோளுக்கு நேர்கீழே ஊன்றி, முழங்கால்களை மடக்கியபடி இடுப்பைத் தூக்கி 10 விநாடி. பக்கத்துக்கு 3 முறை. ஒரே தோளில் சுமப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். மூச்சை அடக்கவே கூடாது. பழகியபின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், விநாடியை அல்ல.

முதல் இரண்டு வாரம் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரட்டும். பிறகு லோடுமேன்களில் ஒருவரே நடத்தட்டும். முதலாளிகள் விரும்பி வாங்கித்தரும் இடுப்பு பெல்ட் காயத்தைத் தடுப்பதாக நிரூபணமில்லை. 2016இல் 21 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சியும் விளக்கமும் சேர்ந்தபோது முதுகுவலி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45% குறைந்தது, பெல்ட்டால் பலனில்லை.

பயிற்சி இருக்கிறதே என்று சுமையை ஏற்றிவிடாதீர்கள். எல்லாம் தோதாக அமைந்தாலும் ஒருவர் தூக்க அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் உச்சம் 23 கிலோ. தரையில் கிடக்கும் மூட்டையை முழங்கால் உயரப் பலகைக்கு ஏற்றிவைத்தாலே குனிவது குறையும்.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ கால் மரத்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். கால் பலமிழந்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், அன்றைக்கே மருத்துவமனை.